சப்பாத்துக் கயிறும் சின்ன விரல்களும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. விழாவுக்கு வர இயலாத பெற்றோர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இம்மலரில் எழுத்தில் தரப்படுகிறது.)



என்னைப் பேச அழைக்க வந்தவர்கள், "ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுங்க டீச்சர், இல்லாட்டி உழைப்பைப் பற்றிப் பேசுங்க" என்றார்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்கு முன்னால் பேசுகிறவர் ஒழுக்கம். எனக்குப் பின்னால் பேசுகிறவர் உழைப்பு. நடுவில் மாட்டிக்கொண்ட நான் எதைப் பேசுவது? ஆகவே, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நெடுங்காலம் கழித்தவள் என்ற உரிமையில், எந்த மேடையிலும் யாரும் பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் சப்பாத்துக் கயிறு கட்டுவது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே உங்கள் பிள்ளையின் காலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் எந்தப் பிள்ளை அழுகிறது, எந்தப் பிள்ளை கழிவறைக்குப் போகக் கேட்கத் தெரியாமல் நெளிகிறது என்று எல்லா ஆசிரியர்களும் பார்ப்பார்கள். நான் அதோடு காலையும் பார்ப்பேன். சில பிள்ளைகளின் சப்பாத்தில் குதிகால் பக்கம் மிதிபட்டு மடங்கிக் கிடக்கும். அவிழ்த்தால் மறுபடி கட்டத் தெரியாது. அதனால் கட்டியது கட்டியபடி இருக்க, காலை மட்டும் திணித்து இழுத்துக்கொண்டு நடக்கும். சில பிள்ளைகள் கயிற்றின் இரண்டு நுனியையும் உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருக்கும். இன்னும் சில, ஒரே முடிச்சை ஆறு தடவை போட்டு இறுக்கியிருக்கும்; சாயங்காலம் அதை அவிழ்க்க அப்பா கத்தரிக்கோல் எடுக்க வேண்டும். "புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து ஒரு மாசம் ஆகல, மிதிச்சு நாசம் பண்ணிட்டான்" என்று பெற்றோர் என்னிடம் குறைப்பட்டுக் கொள்வார்கள். அந்த மடங்கிப் போன குதிகாலில் அலட்சியம் இல்லை, அம்மா. அதில் இருப்பது ஒளிப்பு.

நம் பள்ளிகளில் கணினி அறைக்கும் நூலகத்துக்கும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கயிறு கட்டத் தெரியாத பிள்ளைக்கு அந்த வாசல்படி எப்படிப்பட்ட இடம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே போகும்போது ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குனிந்து, கட்டி, எழுந்து, வரிசையில் நின்றுவிடும். ஒன்று மட்டும் குனிந்தபடியே இருக்கும். வரிசை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

என்னிடம் படித்த ஒரு பையன். வாசிப்பில் கெட்டிக்காரன், கணக்கில் வகுப்புக்கு முதல். கணினிப் பாடம் உள்ள நாளன்று மட்டும் காலையிலேயே வந்து, "டீச்சர், வயிறு வலிக்குது" என்பான். நிஜமாகவே முகம் வெளுத்திருக்கும். அவன் அம்மா கிளினிக்குக்கு அழைத்துப் போனார். மருந்து கொடுத்தார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். அடுத்த வாரமும் அதே நாள், அதே வயிற்று வலி. கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி. "அவனுக்குச் சப்பாத்து கட்டத் தெரியாது டீச்சர், அதான் வர மாட்டேங்கிறான்" என்று பென்சில் சீவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழு வயதில் இது சின்ன விஷயம் அல்ல. பெரியவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாவிட்டால் பஸ்ஸில் போகலாம். யாரும் வரிசையாக நின்று பார்க்க மாட்டார்கள்.

எனக்கும் இந்தக் கலை எளிதில் கைவரவில்லை. நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள்; இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் எனக்குத் தலை வாரி, சப்பாத்து மாட்டி, கயிறு கட்டிவிடுவது எல்லாம் அக்காதான். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சப்பாத்தின் அடிப்பாகம் ரப்பர். அந்த ரப்பருக்குப் பால் எடுத்தவர்கள் எங்கள் வீட்டுக்காரர்கள். ஆனாலும் என் அப்பா படித்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்குச் சப்பாத்துப் போட்டுப் போனது கிராணி வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தானாம். ஆகவே எங்கள் வீட்டில் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரிந்த முதல் தலைமுறையே அக்காதான். அவள் ஆறாம் ஆண்டு முடித்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்கு விடியற்காலை பஸ் ஏறத் தொடங்கியதும் என் கால் அநாதையாகிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கயிற்றைத் தொங்கவிட்டபடி வகுப்புக்கு வந்த என்னை ஓர் ஆசிரியர் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, எல்லாரும் என் காலைப் பார்க்கும்படி செய்தார். அவர் பெயர் இப்போது எதற்கு? அன்று அப்படித்தான் சொல்லிக் கொடுப்பது என்று அவர் நினைத்திருப்பார்.

எனக்குக் கற்றுக் கொடுத்தது, வாழ்நாளில் சப்பாத்தே போடாத என் பாட்டி.

பாட்டி பூத் தொடுப்பதில் பேர்போனவர். வாழை நாரைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று முழம் முழமாகத் தொடுத்துத் தள்ளுவார். நான் அழுதுகொண்டு வந்த அன்று சப்பாத்தை மடியில் வைத்து, அக்கா கட்டிய முடிச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஓ, உருவாஞ்சுருக்கா? இதுக்கா அழுவுறே?" என்றார். என்னைத் தமக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையையும் நீட்டி, முழு முடிச்சையும் தாமே போட்டார். கடைசியில் இரண்டு காதையும் பிடித்து இழுக்கிற ஒரே ஓர் இழுப்பை மட்டும் என்னிடம் விட்டார். "இழு." இழுத்தேன். இறுகியது. "பாத்தியா, நீதான் கட்டினே" என்றார். மறுநாள் கடைசி இரண்டு வேலை என்னுடையது. அதற்கு மறுநாள் மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். முதலிலிருந்து தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் பாதியில் தோற்றுத்தான் எழுந்திருக்கும். கடைசியிலிருந்து தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டிய சப்பாத்தோடு எழுந்திருக்கும். கைப்பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் இன்று இந்த முறையைத்தான் கையாளுகிறார்கள். 'பின்னிருந்து கோப்பது' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாட்டிக்குப் பெயர் தெரியாது, வேலை தெரியும்.

சரி, இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? எழுதும்போது ஒரு கை எழுதும், மறு கை தாளைப் பிடித்தால் போதும். கரண்டியால் சாப்பிடும்போது ஒரு கைக்குத்தான் வேலை. கயிறு கட்டும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். ஒரு கை மடிப்பை நசுக்காமல், விடாமல் பிடித்திருக்க, மறு கை கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்துக்குள் நுழைக்க வேண்டும். நுழைத்ததை அந்தப் பக்கம் யார் பிடிப்பது? முதல் கையேதான், தான் பிடித்ததை விடாமல்! எது முதல், எது பிறகு என்ற வரிசையும் மனத்தில் நிற்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் வரும்; பலருக்கு ஆறு, ஏழில் வரும்; எட்டிலும் வராதவர்கள் உண்டு. பல் விழுந்து முளைப்பது போலத்தான், ஆளுக்கு ஆள் நாள் வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்பல் முளைத்துவிட்டது என்று உங்கள் பிள்ளையை யாரும் அடிப்பதில்லையே.

இது இன்றைய பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். கயிறு கட்டிய காலணி நேற்று வந்த சங்கதி அல்ல. ஆர்மேனியா நாட்டில் அரேனி என்ற ஊருக்கு அருகே ஒரு குகையில் 2008ஆம் ஆண்டு தோல் காலணி ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் என்று ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரே துண்டு மாட்டுத் தோல். துளையிட்டு, தோல் வாரைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே புல் அடைத்து வைத்திருந்தது. அந்தக் குகை வாசலிலும் ஒரு பிள்ளை காலை நீட்டிக்கொண்டு, "அம்மா, கட்டிவிடு" என்று நின்றிருக்காது என்கிறீர்களா?

இனி, நாம் சொல்லிக் கொடுக்கும் அழகைப் பார்ப்போம். நேரம், காலை ஆறரை மணி. வாசலில் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். அம்மா பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, "இங்க பாரு, இப்படி, இப்படி, இப்படி, பாத்தியா?" என்று கட்டிவிட்டு எழுந்துவிடுகிறார். அந்த மூன்று 'இப்படி'யில் பிள்ளை என்னத்தைப் பார்க்கும்? அதோடு எதிரே உட்கார்ந்து காட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் வலக்கை பிள்ளையின் இடப்பக்கம் இருக்கிறது. பிள்ளை ஒரு வேலையைக் கண்ணாடியில் பார்த்தது போலவும், அடுத்த வேலையைத் திருத்திப் புரிந்துகொண்டும் செய்யும். அங்கேதான் முடிச்சு கெடுகிறது.

எப்படிக் கெடுகிறது என்று சொல்கிறேன். சப்பாத்து முடிச்சு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அரை முடிச்சு. முதல் அரை முடிச்சைக் கயிற்றிலேயே போடுகிறோம். இரண்டாவதைக் காது மாதிரி மடித்த மடிப்பில் போடுகிறோம், இழுத்தால் அவிழ வேண்டும் என்பதற்காக. முதல் முடிச்சில் இடக் கயிறு வலக் கயிற்றின் மேலே போனால், இரண்டாவதில் வலது இடதின் மேலே போக வேண்டும். எதிரெதிராகப் போனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சாரணர் இயக்கத்தில் இருந்த அண்ணன்மாருக்கு இது 'புக்கு சிலா' என்ற பெயரில் தெரிந்திருக்கும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போனால் அது கோணல் முடிச்சு; எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கண்டுபிடிப்பது மிகச் சுலபம். கட்டிய சப்பாத்தை மேலிருந்து பாருங்கள். இரண்டு காதும் சப்பாத்துக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. ஒரு காது விரல் பக்கமும் ஒரு காது கணுக்கால் பக்கமுமாக நீளவாக்கில் திரும்பி நின்றால் கோணல் முடிச்சு. அப்படியானால் காது கட்டும் முறையைத் தொட வேண்டாம். முதல் அரை முடிச்சை மட்டும் மறுபக்கமாகப் போடச் சொல்லுங்கள். தீர்ந்தது. இந்த மண்டபத்தில் பெரியவர்கள் பலர் இப்போது தங்கள் காலைப் பார்ப்பது எனக்கு மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது!

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஓ'ரைலி என்று ஓர் எந்திரவியல் பேராசிரியர். தம் மகளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தபோதுதான், கட்டிய கயிறு ஏன் தானாக அவிழ்கிறது என்பது தமக்கே தெரியாது என்று உணர்ந்தாராம். அவரும் மாணவர் இருவரும் சேர்ந்து, ஓட்ட எந்திரத்தின் மேல் ஓடுகிறவரின் காலை மெதுவாகக் காட்டும் கேமராவில் படமெடுத்து ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு விசையில் ஓர் அதிர்ச்சி. அதில் முடிச்சு நெகிழ்கிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டை போல் வீசி, நெகிழ்ந்த முடிச்சிலிருந்து கயிற்றை இழுக்கின்றன. உட்கார்ந்து காலை ஆட்டினால் மட்டும் அவிழாது. நின்ற இடத்தில் தரையை மிதித்தால் மட்டும் அவிழாது. இரண்டும் சேர்ந்தால் அவிழும். நல்ல முடிச்சும் சில சமயம் அவிழத்தான் செய்கிறது. கோணல் முடிச்சு சீக்கிரமே அவிழ்கிறது.

ஆகவே, அன்பான பெற்றோர்களே, ரெஹாட் நேரத்தில் திடலில் ஓடிவிட்டுக் கயிறு தொங்க வரும் பிள்ளையிடம் "ஒழுங்கா இறுக்கிக் கட்டினியா?" என்று கேட்காதீர்கள். அது இறுக்கித்தான் கட்டியது. முதல் முடிச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு பேராசிரியரையே யோசிக்க வைத்த விஷயத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையைத் தலையில் குட்டுவது நியாயமா?

கற்றுக் கொடுக்க நான் கண்ட வழியைச் சொல்லிவிடுகிறேன். காலை நேரம் வேண்டவே வேண்டாம். சாயங்காலம், வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்ட பிறகு, ஐந்தே நிமிடம். சப்பாத்து காலில் இருக்கக் கூடாது; மடியில் இருக்க வேண்டும், நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி. காலில் மாட்டியிருந்தால் பிள்ளை குனிய வேண்டும், மூச்சு முட்டும், கையும் எட்டாது. பிள்ளை உங்களுக்கு முன்னால், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள். கயிறு இரண்டு நிறமாக இருந்தால் மிக நல்லது. 2018இல் கல்வி அமைச்சு அறிவித்து, 2021 முதல் எல்லாப் பிள்ளைகளும் கறுப்புச் சப்பாத்துக்கு மாறிவிட்டார்கள் அல்லவா? அதற்கு முன்னால் வாரந்தோறும் தேய்த்து, வெள்ளை பூசி, வேலியில் காயவைத்த வெள்ளைச் சப்பாத்தின் கயிறு ஏதாவது ஓர் அலமாரியில் இன்னும் கிடக்கும். அதில் ஒன்றையும் கறுப்பு ஒன்றையும் எடுத்து நடுவில் முடிந்து கோத்துவிடுங்கள். "கறுப்பு மேலே, வெள்ளை கீழே" என்று வாயால் சொல்ல முடியும். 'இப்படி, இப்படி' வேண்டியதில்லை. இது வீட்டுப் பயிற்சிக்கு மட்டும். பள்ளிக்குப் போட்டு வந்தால் கட்டொழுங்கு ஆசிரியர் என்னைக் கேட்பார்.

கயிற்றையும் பாருங்கள். உருண்டையாக வழுவழுவென்று இருக்கும் நைலான் கயிறு பெரியவர்கள் கையிலேயே வழுக்கும். தட்டையான பருத்திக் கயிறு பிடித்த இடத்தில் நிற்கும்; விலையும் அதிகம் இல்லை. நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடி கழன்றுவிட்டால் துளையில் நுழையாமல் பஞ்சாகப் பிரியும். கொஞ்சம் மெழுகைத் தடவி முறுக்கிவிட்டால் போதும்.

சுற்றி நுழைக்கும் முறை வராத பிள்ளைக்கு இரட்டைக் காது முறையைக் கற்றுக் கொடுங்கள். இரண்டு கயிற்றையும் முயல் காது மாதிரி மடித்து, ஒரு காதை இன்னொரு காதின் மேல் போட்டு, அடியில் நுழைத்து இழுப்பது. "அது பாப்பா முறை டீச்சர்" என்று ஓர் அப்பா என்னிடம் முகம் சுளித்தார். முடிந்த பிறகு கிடைப்பது அதே முடிச்சுதான். கோயிலுக்கு எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? வயிற்று வலிப் பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அந்த முறைதான். இரண்டு வாரத்தில் வயிறு குணமாகிவிட்டது. பல வருடம் கழித்து அவன் கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன், கோட்டும் சூட்டுமாக நின்றவனிடம் "இன்னும் இரட்டைக் காதுதானா?" என்று கேட்டேன். மணப்பெண்ணுக்குக் கேட்காமல் "ஆமா டீச்சர்" என்றான்.

இடக்கைப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்னதையெல்லாம் அவர்களுக்கு மாற்றிச் செய்யுங்கள்: நீங்கள் வலக்கைக்காரர் என்றால் எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல் உங்கள் வலக்கை செய்வதை அவர்கள் இடக்கை அப்படியே செய்யும். மற்றப் பிள்ளைகளைக் குழப்பும் அதே இருக்கைதான் அவர்களுக்கு வசதி. தயவுசெய்து கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

அடுத்து நான் சொல்வதைக் கொஞ்சம் அமைதியாகக் கேட்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாலும் வராது. கயிறு மட்டும் அல்ல. சட்டைப் பொத்தான் போடச் சிரமம், பென்சில் பிடிக்கச் சிரமம், பந்து பிடிக்கச் சிரமம், நடந்தால் மேசையில் இடித்துக்கொள்வது. அறிவில் குறை இருக்காது. வாய் ஓயாமல் பேசும், கதை சொல்லும். உடல் இயக்கத்தை ஒருங்கிணைப்பதில் உள்ள குறைபாடு அது. ஐந்து முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிலும் இருப்பார்கள். "மந்தம்" என்றும் "கையாலாகாதவன்" என்றும் நாம் அழைத்த எத்தனையோ பேர் அந்தக் கணக்கில் இருந்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று பலகை மாட்டிய ஒரு பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கை வேலைகளைப் படிப்படியாகப் பழக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கண் தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோமே.

"அதுக்குத்தான் ஒட்டுற சப்பாத்து இருக்கே டீச்சர்" என்பீர்கள். இருக்கிறது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, நாயின் ரோமத்திலும் தம் உடையிலும் ஒட்டிக்கொண்ட முள்காய்களை நுண்ணோக்கியில் பார்த்து அந்த ஒட்டுப்பட்டையைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார். நம் ஊர்ப் புல்லில் நடந்தாலும்தான் சிலுவார் நிறைய ஒட்டுப்புல் ஏறிக்கொள்கிறது. நாம் திட்டிக்கொண்டே பிய்த்துப் போடுகிறோம்! முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒட்டும் சப்பாத்து வாங்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அவமானம் இல்லாமல் ஒரு வருடம் கழிந்தால் அதுவே லாபம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் சாயங்கால ஐந்து நிமிடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் ஆண்டுவரை ஒட்டிக்கொண்டே போய்விட்டு, இடைநிலைப் பள்ளியில் பந்து விளையாடும் சப்பாத்தோடும் சீருடை இயக்கத்தின் கறுப்புப் பூட்ஸோடும் விழிக்கும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். விடுதியில் போய்ச் சேரும் பிள்ளைக்கு அங்கே அக்காவும் இல்லை, பாட்டியும் இல்லை. பதின்மூன்று வயதில் "கட்டிவிடு" என்று யாரிடம் கேட்கும்?

கூட்டம் நெளிகிறது, பரிசுகள் மேசையில் காத்திருக்கின்றன. தலைமையாசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். கணினி அறை வாசலில் ஒரு நீண்ட பெஞ்சு போடுங்கள். நின்றுகொண்டும் குந்திக்கொண்டும் கட்டுவதால்தான் பாதிப் பிள்ளைகளுக்கு வருவதில்லை. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பாடங்களை மட்டும் மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே முடிக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காத்திருக்க வைக்காமல், முன்னால் அனுப்பிவிடுங்கள். பழைய மாணவர்களில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து ஓட வேண்டாம், உங்களைப் பார்த்துவிட்டேன். பலகைச் செலவு என்னுடையது. பெஞ்சின் உயரம் மட்டும், முதலாம் ஆண்டுப் பிள்ளை உட்கார்ந்தால் கால் தரையில் படும் அளவுக்கு இருக்கட்டும்.